சிட்டுக்குருவியின் பெருங்குரல்

2024 ஜூலை 26. பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டுகளின் தொடக்க விழா. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. விழாவின் முடிவில் ஈஃபல் கோபுரத்தின் முதல் தளத்தில் நின்றபடி கனடாவைச் சேர்ந்த செலின் டியான் ஒரு பிரெஞ்சுப் பாடலைப் பாடினார். தசைகளை இறுகச் செய்யும் ஓர் அரிய நோயுடன் போராடி, நீண்ட இடைவெளிக்குப் பிறகு அவர் பாடிய பாடல் அது. நமக்கு அது விடியற்காலை நேரம். கண்விழித்துப் பார்த்தவர்கள் நம்மிடையே பலர் இருப்பார்கள்.

பாடியவரை எல்லாரும் அறிவார்கள். அந்தப் பாடலின் வரிகளை எழுதி, அதை முதன்முதலில் மேடையில் பாடியவரை இளையர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை. அவர் எடித் பியாஃப். உயரம் 1.42 மீட்டர்தான். தொடக்கநிலை ஆறில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் அவரைவிட உயரமாக இருப்பார்கள். ஆனால் அந்தச் சிறிய உடலிலிருந்து எழுந்த குரல் பாரிஸ் தெருக்களை நிறைத்தது. பிறகு நியூயார்க் அரங்குகளை நிறைத்தது. அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்னும் ஓயவில்லை.

அவருடைய கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர் பட்ட துன்பங்களையே அடுக்குவார்கள். வறுமை, இழப்பு, விபத்து, நோய் ஆகியவற்றால்தான் அவர் பெரிய பாடகியானார் என்று முடிப்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவரைப் போலவே துன்பப்பட்டவர்கள் அன்றைய பாரிஸில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவரைத் தனித்து நிற்க வைத்தவை இரண்டு. ஒன்று, யாரிடமிருந்தும் கற்றுக்கொள்ளும் பசி. இன்னொன்று, கற்றதைத் தமக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கொடுத்த தாராளம். அந்தக் கண்ணோட்டத்தில் அவர் வாழ்க்கையைப் பார்ப்போம்.

நடைபாதையா, மருத்துவமனையா?

1915 டிசம்பர் 19. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பாரிஸின் கிழக்குப் பகுதியில் உழைப்பாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பெல்வில் வட்டாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடித் ஜியோவானா காசியோன் என்று பெயரிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தில் ஜெர்மானிய ராணுவத்தால் சுட்டுக்கொல்லப்பட்ட பிரிட்டிஷ் தாதி எடித் கேவலின் நினைவாகவே அந்தப் பெயர் வைக்கப்பட்டது.

பெல்வில் தெருவில் 72ஆம் எண் வீட்டின் வாசற்படியில், ஒரு தெருவிளக்கின் கீழ் அவர் பிறந்தார் என்று ஒரு கதை உண்டு. அதைச் சொல்லும் நினைவுப் பலகையும் அங்கே இருக்கிறது. ஆனால் பிறப்புப் பதிவு வேறு சொல்கிறது. அருகிலுள்ள தெனோன் மருத்துவமனையில்தான் பிறந்தார் என்று அதில் எழுதியிருக்கிறது. பியாஃபின் வாழ்க்கையைப் படிக்கும்போது இப்படிப் பல இடங்களில் கதை ஒரு பக்கமும் ஆவணம் இன்னொரு பக்கமும் நிற்கும். இதை இளையர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பிரபலமானவர்களைப் பற்றிய கதைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துவிடும்.

தந்தை லூயி காசியோன் தெருவில் உடலை வளைத்து வித்தை காட்டியவர். தாய் அனெட்டா, லின் மார்சா என்ற பெயரில் தெருக்களிலும் சிற்றுண்டிக் கடைகளிலும் பாடிப் பிழைத்தவர். தாயால் குழந்தையை வளர்க்க முடியவில்லை, விட்டுச் சென்றுவிட்டார். சிறிது காலம் தாய்வழிப் பாட்டியிடம் குழந்தை வளர்ந்தது. சரியான பராமரிப்பு இல்லை. போர்முனையிலிருந்து வந்த தந்தை, குழந்தையை நார்மண்டி பகுதியில் பெர்னே என்ற ஊரில் இருந்த தம் தாயிடம் ஒப்படைத்தார்.

அந்தப் பாட்டி நடத்தியது, உடலை விற்றுப் பிழைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட பெண்கள் வாழ்ந்த விடுதி. ஒரு குழந்தை வளர வேண்டிய இடம் அதுவன்று. ஆனாலும் அந்தப் பெண்கள்தாம் குழந்தை எடித்தைச் சோறூட்டி, குளிப்பாட்டி, பாசத்தோடு வளர்த்தார்கள். கண்ணின் கருவிழியில் அழற்சி ஏற்பட்டு எடித்தின் பார்வை மங்கியபோது, அவர்கள் காசு சேர்த்து லிசியு நகரத்துத் துறவி தெரேசின் கல்லறைக்குக் குழந்தையை வேண்டுதலுக்கு அனுப்பியதாகச் சொல்லப்படுகிறது. பார்வை திரும்பியது. சிகிச்சையாலா வேண்டுதலாலா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். பியாஃப் தம் வாழ்நாள் முழுவதும் தெரேசிடம் பக்தி கொண்டிருந்தார்.

தெருவே முதல் பள்ளி

பிறகு தந்தை மகளைத் தம்முடன் அழைத்துக்கொண்டார். ஊர் ஊராகச் சென்று அவர் வித்தை காட்டுவார். வித்தை முடிந்ததும் மகள் தொப்பியை ஏந்திக் காசு வாங்குவார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. உடலை வளைக்கும் கலை எடித்துக்கு வரவில்லை, பாட்டு வந்தது. பதின்ம வயதில் தந்தையின் வித்தைக்கு நடுவே பாடத் தொடங்கினார். வித்தையைவிடப் பாட்டுக்கே அதிகக் காசு விழுந்தது என்பார்கள்.

பிறகு தந்தையைப் பிரிந்து, சிமோன் என்ற தோழியோடு பாரிஸ் தெருக்களில் தாமே பாடத் தொடங்கினார். ஒலிவாங்கி கிடையாது. பின்னணி இசைக் குழுவும் கிடையாது. குதிரை வண்டி, மோட்டார் வண்டி, கூவி விற்பவர் என எல்லாச் சத்தத்தையும் தாண்டிக் குரல் ஒலிக்க வேண்டும். மேல்மாடிச் சன்னலில் நிற்பவருக்கும் பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்டால்தான் காசைக் கீழே எறிவார்கள். பின்னாளில் உலகம் வியந்த அந்த உரத்த குரலும், ஒவ்வொரு சொல்லையும் நறுக்கென்று உச்சரிக்கும் முறையும், ரகரத்தை உருட்டும் பழக்கமும் இந்தப் பயிற்சியில் உருவானவை. யாரும் வகுப்பெடுக்காத, விடுமுறையே இல்லாத பயிற்சி அது.

17 வயதில் அவர் தாயானார். மகளுக்கு மார்செல் என்று பெயர். குழந்தையை வளர்க்க வசதியும் இல்லை, வழிகாட்டப் பெரியவர்களும் இல்லை. 1935 ஜூலையில், இரண்டே வயதான அந்தக் குழந்தை மூளைக்காய்ச்சலால் இறந்தது. அப்போது எடித்துக்கு வயது 19. அவருக்கு வேறு பிள்ளைகள் பிறக்கவில்லை. இந்த இழப்பைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை.

பெயர் கொடுத்தவர்

அதே 1935ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர் வாழ்க்கை திரும்பியது. சாம்ஸ் எலிசே வட்டாரத்தில் கேளிக்கை விடுதி நடத்திய லூயி லெப்லே, தெருமுனையில் பாடிக்கொண்டிருந்த ஒல்லியான பெண்ணைக் கேட்டார். தம் விடுதியில் பாட அழைத்தார். பாரிஸ் பேச்சு வழக்கில் பியாஃப் என்றால் சிட்டுக்குருவி. சின்னப் பெண் சிட்டுக்குருவி என்று பொருள்படும் 'லா மோம் பியாஃப்' என்ற மேடைப் பெயரை லெப்லே சூட்டினார். மேடையில் எப்படி நிற்பது, எப்படி வணங்குவது என்று கற்றுக்கொடுத்தார். எளிய கறுப்பு உடை அணியச் சொன்னார். அந்தக் கறுப்பு உடையைப் பியாஃப் கடைசி வரை கைவிடவில்லை.

அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கறுப்புத் திரைக்கு முன்னால் கறுப்பு உடையுடன் நின்றால் உடல் மறைந்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் வெளுத்த முகமும் இரண்டு கைகளும் மட்டுமே தெரியும். பார்ப்பவரின் கவனம் முகத்தில் நிற்கும். காது சொல்லில் நிற்கும். ஆடம்பர உடைக்குக் காசில்லாத நிலைமையையே அவர் தம் அடையாளமாக மாற்றிக்கொண்டார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் இசைத்தட்டுகள் பதிவாயின. ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1936 ஏப்ரல் 6 அன்று லெப்லே தம் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். பியாஃபுக்குத் தெருவில் பழக்கமான சில ரவுடிகள் மீது சந்தேகம் விழுந்ததால் போலீஸ் அவரையும் விசாரித்தது. அவருக்குத் தொடர்பில்லை என்று விடுவித்தார்கள். ஆனால் செய்தித்தாள்கள் விடவில்லை. போன இடமெல்லாம் ஏளனம் காத்திருந்தது. இருபது வயதில், ஏறிய ஏணி அடியோடு சரிந்துவிட்டது.

எழுத்தும் இசையும்

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் பாடலாசிரியர் ரேமோன் அசோ. கண்டிப்பான ஆசிரியர் என்றால் அப்படியொரு கண்டிப்பு. பழைய கூட்டாளிகளிடமிருந்து பியாஃபை விலக்கினார். பாடலின் பொருளைப் புரிந்துகொண்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும் என்று பழக்கினார். அவர் வாழ்க்கையிலிருந்தே கருக்களை எடுத்துப் பாட்டெழுதினார். மேடைப் பெயரும் எடித் பியாஃப் என்று மாறியது. 1937இல் பாரிஸின் முன்னணி இசையரங்குகளில் ஒன்றான ஏபிசியில் பாடினார். தெருப்பாடகி என்று ஏளனம் செய்தவர்களும் கைதட்டினார்கள்.

அசோவின் வரிகளுக்கு மெட்டமைத்தவர்களில் முக்கியமானவர் மார்கரித் மொன்னோ. முறையாகச் செவ்வியல் பியானோ பயின்ற பெண்மணி. தெருவில் காதால் கேட்டு வளர்ந்த ஒருவரும் இசைப்பள்ளியில் படித்து வளர்ந்த ஒருவரும் சேர்ந்தார்கள். 1961இல் மொன்னோ மறையும்வரை அந்த நட்பு தொடர்ந்தது. ஆண்களே நிறைந்திருந்த அன்றைய பாட்டுத் தொழிலில் இரண்டு பெண்கள் சேர்ந்து புகழ்பெற்ற பாடல்களை உருவாக்கியது அபூர்வம்.

எழுத்தாளர் ஜாக் பூர்ஜா அவருக்குப் புத்தகங்களைப் பரிந்துரைத்தார். பியாஃப் படித்தார், அவருக்கு நிறையக் கடிதங்கள் எழுதினார். பள்ளிக்கூடம் கைவிட்ட பெண், இருபது வயதுக்கு மேல் தாமாகவே படித்து, பின்னாளில் தம் பாடல்களுக்குத் தாமே வரிகளும் எழுதினார். கவிஞர் ஜான் காக்தோ அவருக்காகவே ஒரு குறுநாடகம் எழுத, 1940இல் அதில் நடித்தார். படிக்கும் காலம் கடந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பியாஃப்தான் நினைவுக்கு வருவார்.

போர்க்காலம்

1940இல் ஜெர்மனி பாரிஸைக் கைப்பற்றியது. பியாஃப் தொடர்ந்து பாடினார். ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த பிரெஞ்சுப் போர்க்கைதிகளின் முகாம்களுக்குச் சென்றும் பாடினார். போர் முடிந்ததும் கேள்வி எழுந்தது. எதிரியின் ஆட்சியில், எதிரியின் அனுமதியுடன் பாடியது சரியா? கலைஞர்களை விசாரித்த குழு அவரையும் அழைத்தது.

அப்போது அவருடைய செயலாளர் அந்திரே பிகார் சாட்சி சொன்னார். பிகார் நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். முகாம்களில் கைதிகளுடன் பியாஃப் எடுத்துக்கொண்ட புகைப்படங்களிலிருந்து முகங்களைத் தனித்தனியே வெட்டி, போலி அடையாளத் தாள்கள் தயாரித்து, அடுத்த முறை சென்றபோது இரகசியமாகக் கொண்டுபோய்க் கொடுத்ததாக அவர் கூறினார். நாஜிகள் தேடிய யூத இசையமைப்பாளர் நோர்பர்ட் கிளான்ஸ்பெர்க் மறைந்து வாழவும் பியாஃப் உதவினார். குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

அந்தப் புகைப்படங்களால் எத்தனை பேர் தப்பினார்கள் என்பது பற்றிப் பல கணக்குகள் உலவுகின்றன. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், அந்தக் காலத்தில் பாரிஸில் பாடிய ஒருவர் முழு வீரராகவோ முழுத் துரோகியாகவோ இருந்தார் என்று எளிதில் முத்திரை குத்திவிட முடியாது என்பதையே இது காட்டுகிறது. வரலாற்றுப் பாடத்தில் நாம் கற்க வேண்டிய நிதானம் அது.

ரோஜா நிறப் பாடல்

1945இல் பியாஃப் எழுதிய ஒரு பாடல் அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. 'லா வி ஆன் ரோஸ்' என்று தலைப்பு. காதலில் விழுந்தவருக்கு வாழ்க்கையே ரோஜா நிறத்தில் தெரிகிறது என்பது கரு. இது பெரிதாக வரும் என்று அவருடன் இருந்தவர்களே முதலில் நம்பவில்லை. மொன்னோவுக்கும் அது பிடிக்கவில்லை. மெட்டமைப்பாளராகப் பதிவு செய்யும் தகுதி பியாஃபுக்கு அப்போது இல்லாததால், இசை லூயிகி என்பவர் பெயரில் பதிவானது. முதலில் மேடையில் பாடியவரும் வேறொரு பாடகி. பியாஃப் பாடி இசைத்தட்டு வந்த பிறகு அது பிரான்ஸின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவில் லூயி ஆம்ஸ்ட்ராங் 1950இல் அதைப் பாடினார். இன்றும் பாரிஸைக் காட்டும் திரைப்படக் காட்சிகளில் அந்த மெட்டு காதில் விழும்.

1947இல் பியாஃப் அமெரிக்கா சென்றார். முதலில் தோல்வி. பாரிஸிலிருந்து வரும் பாடகி என்றால் இறகும் ஜரிகையுமாக மின்னுவார் என்று நியூயார்க் இரசிகர்கள் எதிர்பார்த்தார்கள். வந்து நின்றதோ கறுப்பு உடையில் ஒரு சிறிய பெண். பாடியதோ புரியாத மொழியில் சோகப் பாட்டு. உடன் சென்ற இளைஞர் பாட்டுக் குழுவுக்குக் கிடைத்த கைதட்டல்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஊர் திரும்ப நினைத்தார். அப்போது இசை விமர்சகர் விர்ஜில் தாம்சன், நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூன் நாளிதழில் அவருடைய கலையை விளக்கிப் பாராட்டி எழுதினார். அதன் பிறகு வெர்சாய் என்ற இரவு விடுதி அவரை ஒப்பந்தம் செய்தது. பியாஃப் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். சில பாடல்களை ஆங்கிலத்தில் பாடினார். பின்னாளில் கார்னகி மண்டபத்தில் இருமுறை பாடும் அளவுக்கு அமெரிக்கா அவரைக் கொண்டாடியது.

ஒரு விமானம், ஒரு பாடல்

அமெரிக்காவில் அவர் மனத்தைக் கவர்ந்தவர் குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்டான். அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சுக்காரர். 1948 செப்டம்பரில் நடுத்தர எடைப் பிரிவில் உலக வெற்றியாளர் ஆனவர். அவர் ஏற்கெனவே மணமானவர், மூன்று மகன்களின் தந்தை. அதனால் அந்த உறவு பெரும் பேச்சுக்கு இடமானது.

1949 அக்டோபர் 28. பியாஃப் நியூயார்க்கில் பாடிக்கொண்டிருந்தார். அவரைப் பார்ப்பதற்காகப் பாரிஸிலிருந்து புறப்பட்ட செர்டானின் விமானம், அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள அசோர்ஸ் தீவில் மலைமீது மோதியது. விமானத்தில் இருந்த 48 பேரும் மாண்டார்கள். புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜினெட் நெவோவும் அவர்களில் ஒருவர். கப்பலில் வரவேண்டாம், விமானத்தில் விரைந்து வா என்று அழைத்தவர் பியாஃப்தான் என்று சொல்வார்கள். அந்தக் குற்ற உணர்ச்சி அவரை விடவே இல்லை. ஆனாலும் அன்றிரவு அவர் மேடையேறிப் பாடினார்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட ஒலிம்பிக் பாடல் இதனோடு தொடர்புடையது. 'இம்ன் ஆ லாமூர்' என்ற அந்தப் பாடலின் தலைப்புக்கு அன்புக்கு ஒரு துதிப்பாடல் என்று பொருள். செர்டான் இறந்த துயரத்தில் எழுதப்பட்டது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் விபத்துக்கு ஒரு மாதத்திற்கும் மேலாக முன்பே, செப்டம்பரில், பியாஃப் அதை நியூயார்க்கில் பாடிவிட்டார். வரிகள் அவருடையவை, மெட்டு மொன்னோவுடையது. 1950 மே மாதத்தில் இசைத்தட்டில் பதிவானபோதுதான் உலகம் அதை இரங்கற்பாவாகக் கேட்டது. துன்பம் அந்தப் பாடலைப் படைக்கவில்லை. காதலில் மகிழ்ந்திருந்த ஒரு பெண்ணும் தேர்ந்த ஓர் இசையமைப்பாளரும் உட்கார்ந்து உழைத்துப் படைத்தார்கள். துன்பம் பிறகு வந்து அதற்கு வேறு பொருள் கொடுத்தது.

கைதூக்கிவிட்டவர்

லெப்லேயும் அசோவும் மொன்னோவும் தமக்குக் கொடுத்ததைப் பியாஃப் மற்றவர்களுக்கும் கொடுத்தார். 1944இல் முலேன் ரூஜ் அரங்கில் அவருக்கு முன்னால் பாட வந்த இளைஞர் இவ் மோந்தோன். இத்தாலியில் பிறந்து மார்செய் துறைமுக நகரில் வளர்ந்தவர். அமெரிக்க மாட்டுக்கார வேடம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். வேடத்தைக் கழற்று, உச்சரிப்பைத் திருத்து, உனக்கு ஏற்ற பாடல்களைப் பாடு என்று பியாஃப் வழிகாட்டினார். மோந்தோன் பிரான்ஸின் மாபெரும் பாடகராகவும் நடிகராகவும் உயர்ந்தார்.

அடுத்தவர் சார்ல் அஸ்னவூர். ஆர்மீனிய அகதிக் குடும்பத்துப் பிள்ளை. உயரமும் இல்லை, குரலும் கரகரப்பு என்று பலர் ஒதுக்கினார்கள். பியாஃப் தம் வீட்டில் இடம் கொடுத்தார். தம் நிகழ்ச்சிகளில் முதலில் பாட வைத்தார். அவர் எழுதிய பாடல்களைத் தாமும் பாடினார். அஸ்னவூர் 94 வயதுவரை வாழ்ந்து, இறுதிவரை மேடையேறிய உலகப் பாடகர் ஆனார். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்த ஜார்ஜ் முஸ்தாக்கி எழுதிய 'மிலோர்' என்ற பாடலைப் பியாஃப் 1959இல் பதிவு செய்ய, அவருக்கும் வாசல் திறந்தது. அமெரிக்காவுக்கு அவர் தம்மோடு அழைத்துச் சென்ற இளைஞர் குழுவைப் பற்றி மேலே சொன்னேன். தமக்குக் கிடைக்காத கைதட்டல் அவர்களுக்குக் கிடைத்ததற்காக அவர்களை மேடையிலிருந்து இறக்கிவிடவில்லை.

பியாஃபிடம் பயிற்சி பெறுவது எளிதன்று. நள்ளிரவு தாண்டியும் ஒத்திகை நடக்கும். ஒரு கையசைவு பொருந்தவில்லை என்றால் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். தம்மிடமும் அதே கண்டிப்புதான். மேடையில் இயல்பாகப் பொங்கியது போலத் தோன்றிய ஒவ்வொரு சைகையும் பல முறை சோதித்துத் தேர்ந்தெடுத்தது.

உடல் கொடுத்த விலை

1951இல் அடுத்தடுத்துக் கார் விபத்துகள். எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தவருக்கு வலி தெரியாமலிருக்க மார்ஃபின் கொடுத்தார்கள். வலி போன பிறகும் மார்ஃபின் போகவில்லை, அதற்கு அடிமையானார். கூடவே மதுவும் சேர்ந்தது. பலமுறை மறுவாழ்வு சிகிச்சைக்குச் சென்றார். மீண்டார், மீண்டும் விழுந்தார். மூட்டுவாதம் கைவிரல்களை முறுக்கியது. 1952இல் பாடகர் ஜாக் பில்ஸை மணந்தார். சில ஆண்டுகளில் அந்த மணவாழ்க்கை முறிந்தது. 1958இல் மீண்டும் கார் விபத்து. 1959இல் நியூயார்க் மேடையில் பாடும்போதே சுருண்டு விழுந்தார். பட்ட காலிலே படும் என்பது அவர் விஷயத்தில் மெய்யானது.

இதையும் சிலர் கலைஞருக்கே உரிய வாழ்க்கை என்று அழகுபடுத்திச் சொல்வார்கள். எனக்கு அதில் அழகு எதுவும் தெரியவில்லை. போதைப் பழக்கம் அவருக்கு ஒரு பாட்டும் தரவில்லை. பாடியிருக்க வேண்டிய ஆண்டுகளைத்தான் பறித்துக்கொண்டது. 45 வயதில் அவருடைய படங்களைப் பாருங்கள். எழுபது வயது மூதாட்டி போலத் தெரிவார்.

1960 அக்டோபர் 24. உடல் நலிந்து வீட்டில் இருந்தார். இளம் இசையமைப்பாளர் சார்ல் துய்மோனும் பாடலாசிரியர் மிஷேல் வோக்கேரும் ஒரு புதுப் பாடலுடன் வந்தார்கள். துய்மோனின் பாடல்களை ஏற்கெனவே பலமுறை மறுத்திருந்தார் பியாஃப். அன்றும் பார்க்க மனமில்லை. சரி, ஒரே ஒரு பாட்டு என்று வேண்டாவெறுப்பாக இசைந்தார். துய்மோன் பியானோவில் வாசித்தார். கேட்டு முடித்ததும், மீண்டும் வாசிக்கச் சொன்னார். எதற்காகவும் வருந்தவில்லை என்று பொருள்படும் 'நோன், ஜ ந ரக்ரெத் ரியான்' என்ற பாடல் அது.

அப்போது பாரிஸின் ஒலிம்பியா அரங்கம் கடனில் மூழ்கி மூடும் நிலையில் இருந்தது. உரிமையாளர் புரூனோ கொக்காத்ரி உதவி கேட்டார். நிற்கவே சிரமப்பட்ட பியாஃப், 1960 டிசம்பர் இறுதியில் தொடங்கி 1961 ஏப்ரல் வரை அங்கே பாடினார். அரங்கம் நிரம்பி வழிந்தது. ஒலிம்பியா பிழைத்தது, இன்றும் அங்கே இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. 1962 செப்டம்பரில், நார்மண்டி போரைப் பற்றிய ஒரு திரைப்படத்தின் முதல் காட்சிக்காக, ஈஃபல் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து பாரிஸ் நகருக்கே கேட்கும்படி பாடினார்.

நகரமே நின்ற நாள்

1962 அக்டோபரில், தம்மைவிட இருபது வயது இளையவரான தியோ சரபோவை மணந்தார். கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்த அவர் முடிதிருத்துநராக இருந்தவர். ஊர் சிரித்தது, பணத்துக்காக மணந்தார் என்றது. ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1963 அக்டோபர் 10 அன்று தென்பிரான்ஸில் பியாஃப் காலமானார். வயது 47. கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. சொந்த ஊரிலேயே இறந்ததாக இரசிகர்கள் நினைக்க வேண்டும் என்பதற்காக, அவர் உடலை இரவோடு இரவாகப் பாரிஸுக்குக் கொண்டுவந்து, மறுநாள் அறிவித்தார்கள். அந்த மறுநாளே நண்பர் காக்தோவும் காலமானார். பணத்துக்காக மணந்ததாகச் சொல்லப்பட்ட சரபோவுக்குக் கிடைத்தது மனைவியின் கடன்சுமைதான்.

பியாஃபின் வாழ்க்கை முறையைக் காரணம் காட்டி, தேவாலயம் அவருக்கு இறுதித் திருப்பலி நடத்த மறுத்தது. மக்கள் மறுக்கவில்லை. சவ ஊர்வலம் சென்ற வீதிகளில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டார்கள். பாரிஸின் போக்குவரத்து நின்றுபோனது. பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில், மகள் மார்செல் உறங்கும் அதே கல்லறையில் அவரையும் அடக்கம் செய்தார்கள். சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2013 அக்டோபரில், அவர் பிறந்த பெல்வில் வட்டாரத் தேவாலயத்தில் அவருக்காகத் திருப்பலி நடந்தது. 2007இல் அவர் கதையைச் சொன்ன திரைப்படத்தில் நடித்த மரியோன் கொத்தியார், அடுத்த ஆண்டு சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார். வானில் ஒரு சிறுகோளும் பியாஃப் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இளையர்களே, பியாஃபைப் பின்பற்றுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவரே பட்டு வருந்திய பாதைகள் அதில் உண்டு. ஆனால் இரண்டு செயல்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். விடுதிக்காரரிடம் நிற்கக் கற்றார். பாடலாசிரியரிடம் சொல்லைக் கற்றார். பியானோ பயின்ற தோழியிடம் இசையைக் கற்றார். எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நாளும் இருந்ததில்லை. அதே போல, தாம் ஏறிய பிறகு ஏணியை இழுத்துக்கொள்ளவும் இல்லை. உங்கள் வகுப்பில் பாடவோ எழுதவோ பந்து உதைக்கவோ துடிக்கும், யாரும் கண்டுகொள்ளாத ஒரு மாணவர் கட்டாயம் இருப்பார். உங்களுக்குத் தெரிந்ததை இந்த வாரம் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.